சென்னைக் குடிசைப்பகுதிகளில் குடும்ப நலச் சேவையின் தரம்: தெரிவும் தொடர்ச்சியும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் குடும்ப நலச் சேவை ஏழை மக்களை எட்டியுள்ளதா என்னும் வினாவுக்குப் புள்ளிவிவரங்கள் ‘ஆம்’ என்றே விடையளிக்கின்றன. எட்டிய சேவை எத்தகையது என்பது வேறொரு வினா. சென்னையின் குடிசைப்பகுதிகளையும் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளையும் மையமாகக் கொண்டு, அவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. நிரந்தர அறுவை முறையொன்றே திட்டத்தின் முழுப்பொருளாகச் சுருங்கியமை, ஒப்புதல் பெறப்படும் காலம், தற்காலிக முறைகளைத் தொடர முடியாத வாழ்விடச் சூழல் ஆகியன தரக்குறைவின் முதன்மைக் காரணிகள் என விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப நலம், குடிசைப்பகுதி, கருத்தடை, தகவலறிந்த ஒப்புதல், மறுகுடியமர்வு, சென்னை.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஏறத்தாழ 13.4 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு 29 பேர், குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தனர். ‘குடிசைப்பகுதி’ என்பது இங்குச் சட்டச் சொல்லாகவே ஆளப்படுகிறது. 1971ஆம் ஆண்டுக் குடிசைப்பகுதிச் சட்டத்தின்கீழ் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17 சேர்க்கப்பட்டன. பின்னர்த் தோன்றிய குடியிருப்புகள் பல இப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பணிக்குச் செல்லும் எந்தத் துறைக்கும் இது முதல் இடர்.

எனினும் சென்னையில் சேவை அமைப்பு இல்லையென்று கூறவியலாது. நகர்ப்புறக் குடிசைப்பகுதிகளுக்கெனச் சுகாதார மையங்கள் வேண்டும் என்பதை 1982இல் கிருஷ்ணன் குழு பரிந்துரைத்தது. உலக வங்கியின் நிதியுதவியுடன் 1988இல் தொடங்கிய ஐந்தாம் இந்திய மக்கள்தொகைத் திட்டம் சென்னை, பம்பாய் ஆகிய இரு நகரங்களுக்கானது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டம், 50,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்னும் அளவை வகுத்தது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள வீதம் 1.8, மருத்துவமனைகளில் நிகழும் மகப்பேறு 99.6 விழுக்காடு. பிறப்பைக் குறைத்தல் என்னும் இலக்கு எட்டப்பட்டுவிட்டது. ஆகவே, வட மாநிலங்களை நோக்கி எழுதப்பட்ட ‘சேவை போதவில்லை’ என்னும் வாதத்தை அப்படியே எடுத்துச் சென்னைக்குப் பொருத்துவது பயன் தராது. இங்கு நோக்க வேண்டியது சேவையின் தன்மை.

சொல்லும் திட்டமும்

இப்பொருளுக்குத் தமிழில் வழங்கிவந்த சொற்களே ஒரு வரலாற்றைச் சொல்கின்றன. 1930களில் ‘குடி அரசு’ இதழில் பெரியார் எழுதியபோது ஆண்ட சொல் ‘கர்ப்பத்தடை’. நாட்டின் வறுமை, பெண்ணின் உடல்நலம் ஆகியவற்றைக் காரணம் காட்டி இதனை ஆதரித்தோரிடமிருந்து அவர் தம்மை வேறுபடுத்திக்கொண்டார். பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1952இல் இந்திய அரசு திட்டத்தைத் தொடங்கியபின் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்னும் சொல் நிலைபெற்றது. முடிவெடுப்பவர் பெண் என்பது மறைந்து, கட்டுப்படுத்தப்பட வேண்டியது குடும்பம் என்றாயிற்று. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்னும் முழக்கமும் சுவர்களில் இடம்பெற்றன. நெருக்கடிநிலைக் காலக் கட்டாயக் கருத்தடையால் எழுந்த வெறுப்புக்குப் பின், 1977இல் மைய அரசு துறையின் பெயரைக் ‘குடும்ப நலம்’ என மாற்றியது.

அலுவலகத் தாள்களில் பெயர் மாறியது. மக்கள் வழக்கில் மாறவில்லை. சென்னையில் ஒரு பெண்ணிடம் ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சா?’ என்று கேட்டால், ‘கருக்குழாய் அறுவை செய்துகொண்டாயா?’ என்பதே அதன் பொருள். சிலர் ‘ஆபரேஷன் ஆயிடுச்சா?’ என்று கேட்பர், பொருள் ஒன்றே. மாத்திரை உண்பவரையோ காப்பர் டி பொருத்திக்கொண்டவரையோ ‘குடும்பக் கட்டுப்பாடு பண்ணவங்க’ என்று யாரும் குறிப்பிடுவதில்லை. ஒரு திட்டத்தின் பெயர் அதன் ஒரேயொரு முறையின் பெயராகச் சுருங்கிப்போனதை மொழி இவ்வாறு காட்டிக்கொடுக்கிறது.

எண்களும் இதனையே உறுதி செய்கின்றன. மேற்கூறிய ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் (15–49 வயது) நவீன கருத்தடை முறைகளைக் கையாள்வோர் 65.5 விழுக்காட்டினர். அவர்களுள் பெண் கருத்தடை அறுவை மட்டும் 57.8, ஆண் அறுவை 0.1. அதாவது, முறையொன்றைக் கையாளும் நூறு பேருள் 88 பேர் பெண் அறுவையைச் சார்ந்தவர்கள். இந்திய அளவில் இவ்விகிதம் ஏறத்தாழ 67. இவை மாநிலம் முழுமைக்கும் உரிய எண்கள். குடிசைப்பகுதிகளுக்கெனத் தனியே எடுக்கப்பட்டவை அல்ல. ஆயினும் அரசு மருத்துவமனையைத் தவிர வேறு புகலில்லாத மக்களிடம் இந்தப் போக்கு தளர்ந்திருக்கும் எனக் கருத இடமில்லை.

தரம் என்பது யாது?

சேவைத் தரத்தை வரையறுப்பதில் ஜூடித் புரூஸ் 1990இல் முன்வைத்த சட்டகம் இன்றளவும் எடுத்தாளப்படுகிறது. முறைகளைத் தெரிவு செய்யும் வாய்ப்பு, தரப்படும் தகவல், தொழில்நுட்பத் திறன், பணியாளரும் பயனாளியும் பழகும் முறை, தொடர் கவனிப்பு, பிற நலச்சேவைகளுடன் பொருத்தமான இணைப்பு என ஆறு கூறுகளை அவர் வகுத்தார். இவ்வாறுள் தொழில்நுட்பத் திறனைப் பொறுத்தவரை தமிழகம் பிற மாநிலங்கள் பலவற்றினும் மேம்பட்டே நிற்கிறது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாமொன்றில் சில மணி நேரத்திற்குள் 83 பெண்களுக்கு அறுவை செய்யப்பட்டு, பின்னர்ப் பதின்மருக்கு மேற்பட்டோர் இறந்த கொடுமை, முகாம் முறையின் விளைவு. தமிழகத்தில் அறுவையின் பெரும்பகுதி மருத்துவமனையில், மகப்பேற்றை ஒட்டி நடைபெறுவது. அதனால் உயிரிடர் குறைகிறது. ஆனால் தெரிவு, தகவல், தொடர் கவனிப்பு ஆகிய மூன்று கூறுகளிலும் இதே ஏற்பாடு புதிய சிக்கலைக் கொணர்கிறது.

தகவல் என்னும் கூறு எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதையும் இங்குக் கருத வேண்டும். தற்போது கையாளும் முறையின் பக்கவிளைவுகள் தங்களுக்குக் கூறப்பட்டன என்று இந்திய அளவில் 62.4 விழுக்காட்டினர் ஐந்தாம் ஆய்வில் தெரிவித்தனர். நான்காம் ஆய்வில் (2015–16) இது 46.5 ஆக இருந்தது. முன்னேற்றம் உண்மையே. எனினும் ‘கூறப்பட்டதா’ என்பது ஆம், இல்லை என்னும் இரு விடைகளுள் அடங்கும் வினா. கேட்டவருக்கு விளங்கியதா, அவர் திருப்பிக் கேட்க முடிந்ததா என்பதை அது தொடுவதில்லை.

ஒப்புதல் பெறப்படும் காலம்

ஒரு குடிசைப்பகுதிப் பெண்ணின் இரண்டாம் மகப்பேற்றை எண்ணிப் பார்க்கலாம். கருவுற்றதும் ‘பிக்மி’ எண் பெறுகிறார். மாதந்தோறும் பரிசோதனைக்குச் செல்கிறார். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்தின் தவணைகளைப் பெறுகிறார். அந்த உதவி இரண்டு பிரசவங்களுக்கு மட்டுமே உரியது. வலி கண்டு மருத்துவமனையில் சேர்ந்தபின், அல்லது குழந்தை பிறந்த மறுநாள், ‘ஆபரேஷன் பண்ணிக்கிறியா?’ என்னும் வினா எழுகிறது. முதல் மகப்பேறாயின், பிறந்த 48 மணி நேரத்திற்குள் பொருத்தப்படும் காப்பர் டி குறித்த வினா. படிவத்தில் கையொப்பம் அல்லது கைரேகை பெறப்படுகிறது. சட்டப்படி ஒப்புதல் கிடைத்துவிட்டது.

இந்த நேரம் ஒப்புதலுக்கு உரியதன்று. பன்னாட்டு மகளிர் நோய் மற்றும் மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2011இல் வெளியிட்ட அறநெறி வழிகாட்டல், மகப்பேற்று வலியின்போதும் மகப்பேற்றை அடுத்த நிலையிலும் கருத்தடை அறுவைக்கு ஒப்புதல் கேட்கலாகாது என்று தெளிவாக்குகிறது. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் வழங்கிய தீர்ப்பு, மூன்றாண்டுகளுக்குள் முகாம் முறையைக் கைவிடுமாறு பணித்ததோடு, அறுவையின் விளைவுகள் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்கப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. முகாம் என்ற சொல்லுக்கே அத்தீர்ப்பைச் சுருக்கிக் கொண்டு, ‘எங்களிடம் முகாம்கள் இல்லை’ என்று அமைதி கொள்வது போதாது.

நிரந்தர முறை என்பதன் பொருள் எத்துணைக் கடுமையானது என்பதைத் தமிழகம் 2004 டிசம்பர் 26க்குப் பின் கண்டது. ஆழிப்பேரலையில் பிள்ளைகளை இழந்த தாய்மார் பலர் ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்கள். அவர்களுக்குக் கருக்குழாய் மறு இணைப்பு அறுவையை இலவசமாகச் செய்ய மாநில அரசு முன்வந்தது. அவ்வறுவை எல்லாருக்கும் பயன் தருவதன்று. தாயின் வயதும், முன்பு குழாய் எவ்வாறு கட்டப்பட்டது என்பதும் விளைவைத் தீர்மானிக்கும். பேரிடர் அரிதாக வருவது என்று இதனை ஒதுக்கிவிட முடியாது. குடிசைப்பகுதிகளில் தீவிபத்து, நோய், சாலை விபத்து, மணமுறிவு, மறுமணம் ஆகியவை அரிதானவை அல்ல. இருபதுகளின் நடுவில் நிற்கும் ஒருவர், இன்னும் இருபதாண்டு மகப்பேற்றுக் காலம் தமக்கு உள்ளது என்பதை அறிந்து முடிவெடுத்தாரா என்பதே வினா.

அறுவையை இக்கட்டுரை எதிர்க்கவில்லை என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, மறந்துவிடும் அச்சமோ மீண்டும் மீண்டும் மருத்துவமனை செல்லும் செலவோ இல்லாத முறை அது. பலர் விரும்பியே ஏற்கின்றனர். பிற முறைகளை அறிந்து, ஒப்பிட்டு, அதன்பின் இதனைத் தேர்ந்தார்களா என்பதே இங்கு எழுப்பப்படும் ஐயம்.

தற்காலிக முறைகளும் வாழ்விடமும்

2017இல் அரசு மருத்துவமனைகளில் இரு புதிய முறைகள் அறிமுகமாயின. ‘அந்தரா’ என்பது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் ஊசி. ‘சாயா’ என்பது ஹார்மோன் அல்லாத மாத்திரை. லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் உருவாகி, முன்னர் ‘சஹேலி’ என்ற பெயரில் விற்கப்பட்டது. முதல் மூன்று மாதங்கள் வாரத்திற்கு இருமுறையும் பின்னர் வாரத்திற்கு ஒருமுறையும் உண்ண வேண்டும். இரண்டும் விலையில்லாமல் கிடைப்பவை. தெரிவை விரிவாக்கும் நோக்கில் இது நல்ல நடவடிக்கை.

அந்தரா ஊசி மாதவிடாய் ஒழுங்கை மாற்றும். சிலருக்கு இடையிடையே உதிரப்போக்கு, சிலருக்கு நீடித்த உதிரப்போக்கு, நாளடைவில் பலருக்கு மாதவிடாய் நின்றே போதல் ஆகியவை நிகழும். மருத்துவ நூல்களில் இவை உயிருக்குத் தீங்கில்லாத பக்கவிளைவுகள் என வகைப்படுத்தப்படுகின்றன. ஓரறை வீட்டில் மாமியாரோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் வாழ்ந்து, பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நின்று, லாரித் தண்ணீரைக் குடங்களில் பிடித்து வைக்கும் பெண்ணுக்கு, எந்நாளில் வரும் என்று தெரியாத உதிரப்போக்கு சிறிய துன்பமாகாது. அணைத்துணி வாங்கும் செலவு உண்டு. துணியாயின் துவைக்க நீரும் உலர்த்த மறைவிடமும் வேண்டும். பூசையறை, சமையல் ஆகியவற்றில் விலக்கு கடைப்பிடிக்கும் வீடாயின் பிணக்கும் எழும். மாதவிடாய் நின்றுபோனால், ‘கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடும்’ என்னும் அச்சம். முதல் ஊசியோடு நின்றுவிடும் பெண்ணை ‘விழிப்புணர்வு இல்லாதவர்’ என்று குறித்துவிடுவது எளிது. அவர் தம் வீட்டு நிலையைக் கணக்கிட்டு முடிவெடுத்தவர் என்று கொள்வதே பொருந்தும்.

இது புதிய பாடமும் அன்று. 1965இல் ‘லூப்’ எனப்பட்ட கருப்பைக் கருவி நாடெங்கும் பெருமளவில் அறிமுகப்படுத்தப்பட்டது. உதிரப்போக்கும் வலியும் கண்ட பெண்கள் திரும்பிவந்தபோது அவர்களைக் கவனிக்கும் ஏற்பாடு போதிய அளவில் இல்லை. வதந்திகள் பரவின, சில ஆண்டுகளிலேயே அம்முறை மதிப்பிழந்தது. இன்றும் காப்பர் டியை ‘லூப்’ என்றே அழைப்போர் உளர். கருவி மாறியிருக்கிறது, பழைய சொல்லோடு பழைய அச்சமும் உடன் வருகிறது. ஆலோசனை கூறும் செவிலியர் இந்த நினைவை அறிந்திருந்தால்தான் அவர் சொல் எடுபடும்.

செவிலியரின் நாட்கணக்கு

தேசிய நகர்ப்புற சுகாதாரத் திட்டத்தின் அளவுகோல்படி 10,000 மக்களுக்கு ஒரு சுகாதாரச் செவிலியர். வீட்டுக்கு நால்வர் எனக் கொண்டால் 2,500 வீடுகள். நாளொன்றுக்கு 20 வீடுகள் சென்று பேசுவதாகக் கொண்டால், ஒவ்வொரு வீட்டையும் ஒருமுறை தொடவே 125 பணிநாட்கள், அதாவது ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். தடுப்பூசி, காசநோய்த் தேடல், கருவுற்றோர் பதிவு, கணினிப் பதிவேற்றம் ஆகியவற்றுக்கான நாட்கள் இதில் சேரவில்லை. மூன்று மாதத்திற்கு ஒருமுறை தொடர வேண்டிய ஊசிக்கு, ஐந்து மாதத்திற்கு ஒருமுறை வரும் வீட்டுச்சந்திப்பு எப்படித் துணைசெய்யும்? குறை செவிலியரின் ஊக்கத்தில் இல்லை, கணக்கிலேயே உள்ளது.

இத்துடன் இடப்பெயர்ப்பும் சேர்கிறது. நகரின் நடுவே, கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளிலும் கடற்கரையிலும் வாழ்ந்தோர் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தெற்கு எல்லைக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கம் நோக்கிய பெயர்ப்பு மிகுந்தது. இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் பெயர்க்கப்பட்ட குடும்பத்தில், வீட்டுவேலைக்குச் செல்லும் பெண் பழைய இடத்திலுள்ள வேலையை விடுவதில்லை. விடியலில் பேருந்தேறி இருட்டியபின் திரும்புகிறார். புதிய குடியிருப்பின் சுகாதார நிலையம் திறந்திருக்கும் பகற்பொழுதில் அவர் வேறோர் இடத்தில் இருக்கிறார். அந்தரா அட்டை பழைய நிலையத்துக்குரியது. அடுத்த ஊசியை உரிய நாளுக்கு நான்கு வாரம் பின்னும் போட்டுக்கொள்ளலாம் என்பதை அவரிடம் யாரும் சொல்லாதபோது, நாள் கடந்துவிட்டது என எண்ணி விட்டுவிடுகிறார். பின்னர்க் கருவுற்றால், முறை தோற்றது என்றே பேச்சு பரவும்.

ஆண்கள்

ஆண் அறுவை 0.1 விழுக்காடு என்பதை முன்னரே கண்டோம். 1976–77ஆம் ஓராண்டில் நாட்டில் நடந்த ஏறத்தாழ 82 இலட்சம் அறுவைகளுள் 62 இலட்சம் ஆண்களுக்குரியவை. டெல்லியில் மறுகுடியமர்வு மனை பெறுவதற்குக் கருத்தடைச் சான்று கருவியாக்கப்பட்டதை எம்மா டார்லோ தம் ஆய்வில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். பணமில்லாதோர் தம் உடலைக் கொடுத்து மனையைக் காத்துக்கொண்டனர். வாழ்விடமும் கருத்தடையும் ஒன்றாகப் பிணைக்கப்பட்ட அந்த அனுபவத்திற்குப் பின் அரசியல்வாதிகள் ஆண் அறுவையைப் பேசவே தயங்கினர். சுமை பெண்பக்கம் சாய்ந்தது. தழும்பற்ற ஆண் அறுவை சிறு துளையின் வழியே சில நிமிடங்களில் முடிவது. பெண் அறுவையைக் காட்டிலும் எளிது. ஆயினும் சுமை தூக்குவோரும் கட்டடத் தொழிலாளரும் ‘பலம் போய்விடும்’ என்று அஞ்சுகின்றனர். உடலுழைப்பையே முதலாகக் கொண்டோரின் அச்சம் நகைப்புக்குரியதன்று. பகல்நேர மகளிர் மருத்துவமனை வாயிலில் ஒட்டப்பட்ட சுவரொட்டி அவர்களை எட்டாது.

மேம்பாட்டிற்கான வழிகள்

முதலாவது, உரையாடலைப் பிரசவ அறையிலிருந்து முன்னுக்கு நகர்த்துவது. ஏறக்குறைய எல்லாக் கருவுற்றோரும் மாதப் பரிசோதனைக்கு வருகின்றனர். இந்த வாய்ப்பு பல மாநிலங்களுக்கு இல்லாதது. ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் இருமுறை எல்லா முறைகளும் விளக்கப்பட்டு, பெண்ணின் விருப்பம் தாய்-சேய் அட்டையில் எழுதப்படலாம். ‘இப்போது எதுவும் வேண்டாம்’ என்பதும் எழுதத்தக்க விருப்பமே. மருத்துவமனையில் சேரும்போது அது உறுதிசெய்யப்பட வேண்டுமேயன்றி, புதிதாகப் பெறப்படுதல் கூடாது. அட்டையில் எழுதப்படாத முறையைப் பிரசவத்தின்போது முதன்முறையாக முன்வைக்கலாகாது என்னும் எளிய விதி பல மனக்குறைகளைத் தவிர்க்கும்.

அடுத்தது நேரமும் இடமும். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊசி, மாத்திரை, காப்பர் டி அகற்றல் ஆகிய மூன்றும் கிடைக்க வேண்டும். அகற்றலை இங்குத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு: பொருத்துவதற்குக் காட்டப்படும் விரைவு, எடுத்துவிடக் கேட்டுவரும் பெண்ணிடம் காட்டப்படுவதில்லை என்பது பெண்களின் பேச்சில் அடிக்கடி எழும் மனக்குறை. எந்த நகர்ப்புற நிலையத்திலும் செல்லுபடியாகும் ஒரே அட்டை இருப்பின், பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் தொடர்ச்சி அறுபடாது. மறுகுடியமர்வுத் திட்டத்தில் மின்இணைப்பு, பள்ளி மாற்றம் ஆகியவற்றோடு சுகாதாரப் பதிவு மாற்றமும் பெயர்ப்பு நாளுக்கு முன்பே முடிக்கப்பட வேண்டிய பணியாக வேண்டும்.

ஆண்களைப் பொறுத்தவரை, தொழிலாளர் நல வாரியப் பதிவு முகாம்களும் ஆட்டோ நிறுத்தங்களும் மகளிர் மருத்துவமனையினும் பொருத்தமான களங்கள். அறுவை செய்துகொண்டு வழக்கம்போல் மூட்டை தூக்கும் ஒருவர் பேசுவது பத்துச் சுவரொட்டிகளுக்கு மேல்.

கணக்கிடும் முறையும் மாற வேண்டும். 1996இல் இலக்குகள் கைவிடப்பட்டபின், ‘எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு’ என்னும் பெயரில் எண்கள் மீண்டும் திரும்பிவந்தன. மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் எத்தனை அறுவை, எத்தனை காப்பர் டி என்று கேட்கப்படும் வரையில் செவிலியர் அவற்றையே தேடிச் செல்வார். இரண்டாம் ஊசிக்குத் திரும்பியோர் எத்தனை பேர், திரும்பாதோர் வீட்டில் விசாரித்தபோது கூறிய காரணம் யாது, காப்பர் டி அகற்றக் கேட்டோருள் அன்றே அகற்றப்பட்டோர் எத்தனை பேர் ஆகிய மூன்று கலங்களை அதே பதிவேட்டில் சேர்ப்பதற்குப் புதிய நிதி தேவையில்லை. இரண்டாவது கலத்தில் எண்ணை எழுத முடியாது. பெண் கூறிய சொற்களையே எழுத வேண்டியிருக்கும்.